அம்மா கொடுத்த கஞ்சித்தண்ணி

பேத்தி மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவே "காலரா" என்று காதில் விழுந்தது. பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் அதைச் சொல்லு என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு தாத்தா இதெல்லாம்?" என்று சிரித்தாள். ஆனாலும் சொன்னாள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேல்தோல் போல ஒரு சவ்வு உண்டு. அதில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஒரு வகை ஏற்பி, சவ்வை ஏழு தடவை உள்ளும் வெளியுமாகத் துளைத்து வளைந்து கிடக்குமாம். அட்ரினலின் போன்ற ஹார்மோன் வந்து வெளிப்பக்கம் ஒட்டும், உள்ளே போகாது. காலிங் பெல்லை அழுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. உடனே ஏற்பியின் உள்பக்கம் வடிவம் மாறும். அங்கே காத்திருப்பது ஜி புரதம். அதன் கையில் இரண்டு பாஸ்பேட் உள்ள ஒரு மூலக்கூறு இருக்கும். அதை விட்டுவிட்டு, மூன்று பாஸ்பேட் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது ஸ்விட்ச் ஆன். அது போய் ஒரு நொதியைத் தட்டிவிட, அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளைத் தயாரித்துத் தள்ளும். சற்று நேரத்தில் ஜி புரதமே ஒரு பாஸ்பேட்டை வெட்டிக்கொள்ளும். ஸ்விட்ச் ஆஃப். இதைக் கண்டுபிடித்ததற்காக கில்மன், ராட்பெல் இருவருக்கும் 1994இல் நோபல் கொடுத்தார்கள்.

காலராக் கிருமியின் நச்சு, குடல் செல்லுக்குள் புகுந்து அந்த ஜி புரதத்தை வெட்டமுடியாதபடி செய்துவிடுகிறது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன். ரிலே ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிசீவரை வைத்த பிறகும் லைன் விடுபடாது. இங்கே தூதுப்பொருள் பெருகிக்கொண்டே போக, குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே. மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகலாமாம்.

நச்சு என்ற ஒன்று இருப்பதை 1959இல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் சம்பு நாத் டே. அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. அது என் வருத்தம்.

1957 ஐப்பசியில், கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊரில் வாந்திபேதி வந்தது. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. "வயித்தால போறவனுக்குத் தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று அப்பாயி சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். தம்பி தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். அம்மாவுக்குத் தாங்கவில்லை. அடுப்படியில் நொய்க்கஞ்சி வடித்த தண்ணியில் உப்பைப் போட்டு, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து ஊட்டினாள். நான் பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டாள். விடியற்காலையில் தம்பி போய்விட்டான்.

கஞ்சி கொடுத்துக் கொன்றவள் என்று பிறகு யாரும் நேராகச் சொன்னதில்லை. ஜாடையாகச் சொல்லாத நாளும் இல்லை. அம்மா 1998இல் போகிற வரைக்கும் ஐப்பசி அமாவாசையன்று கஞ்சி வைக்க மாட்டாள்.

"சரி, ரிலே ஒட்டிக்கொண்டால் உள்ளே எதுவுமே ஏறாதா?" என்று பேத்தியிடம் கேட்டேன்.

"அதான் தாத்தா விஷயமே. உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சுற வழி தனி. நச்சு அதைத் தொடுறதில்ல. கூடவே தண்ணியும் ஏறும்."

1971இல் வங்கதேச அகதிகள் பொங்காவ் முகாமில் காலராவால் மடிந்தபோது, திலீப் மஹலநாபிஸ் என்ற டாக்டர் சலைன் பாட்டில் தீர்ந்துபோய், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சாவு நூற்றுக்கு முப்பது என்றிருந்தது நான்குக்கும் கீழே வந்தது.

"கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டுக் கொடுத்தா?"

"நல்லதுதான். மாவு குடல்ல குளுக்கோஸா மாறிடும். ஆனா போற அளவுக்கு ஈடா, விடாம கொடுக்கணும்."

அம்மா கொடுத்தது அரை டம்ளர் இருக்கும். அத்தை பார்த்ததும் மீதியை வாசலில் கொட்டிவிட்டாள்.