கேள்விச் செல்வம்

கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். செவிவழிப் பெறுவதும் செல்வமே என்பது தமிழர் கொள்கை. அச்செல்வம் முதுமையில் குன்றும்போது மனிதன் இழப்பது ஒலியை மட்டுமன்று.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். லகர, ளகர, ழகர வேறுபாட்டை மாணவர் நாவில் ஏற்றுவதிலேயே முப்பதாண்டுகள் கழித்தவர். இன்று அவர் செவியில் 'பத்து', 'பட்டு', 'பற்று' ஆகிய மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன. முதுமை முதலில் கவர்வது உயர் அதிர்வொலிகளை. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வில் உரத்து நிற்கும். சொல்லைச் சொல்லினின்று பிரிக்கும் மெய்யொலிகள் பலவோ தேய்ந்துவிடும். பேச்சு கேட்கும், பொருள் விளங்காது.

மக்கள் செவித்துணைக் கருவி வாங்கித் தந்தனர். அஞ்சடியில் நண்பர் எதிரே அமர்ந்து பேசியபோது ஆசிரியரின் முகம் மலர்ந்தது. திருமண மண்டபத்திலோ தவிலும் நாற்புறப் பேச்சும் ஒருசேரப் பெருகி அவரை வருத்தின. மூக்குக்கண்ணாடி அணிந்ததும் எழுத்துத் தெளிவதுபோல் எல்லாம் தெளியும் என எண்ணியிருந்தார். புதிய ஒலிக்கு மூளை பழகச் சில வாரங்களேனும் வேண்டும் என்பதை அவர் அறியார்.

ஆயினும் கருவியை மேசை அறைக்குள் அனுப்பியது மண்டபமன்று, வீடே. ஒருநாள் உணவு வேளையில் எல்லாரும் சிரித்தனர். "என்னம்மா?" என்றார். "ஒன்றுமில்லை, தாத்தா" என்றாள் பேத்தி. அச்சொல் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

அதே பினாங்கில் 1954-ஆம் ஆண்டு கூட்டரசு காதுகேளாதோர் பள்ளி தோன்றியது. அங்குப் பேச்சு கற்பிக்கப்பட்டது. மாணவரோ தமக்குள் கையசைவால் ஒரு மொழியையே படைத்துக்கொண்டனர். அது பினாங்குச் சைகைமொழி என வழங்குகிறது. ஒலி எட்டாதோர் தமக்குள் தடையின்றி அளவளாவினர். ஓரளவு கேட்கும் ஆசிரியரோ தம் வீட்டிலேயே அயலாரானார். எனவே குறையின் அளவு செவியில் மட்டும் இல்லை. 1982-இல் அமெரிக்க அறிஞர் வென்ட்ரியும் வைன்ஸ்டைனும் முதியோர்க்கென வகுத்த 25 வினாக்கள், கேள்விக்குறையால் அவர் நாணுவதையும் பிறரை விட்டு ஒதுங்குவதையும் உசாவுகின்றன.

பேத்தி இதனை மெல்ல உணர்ந்தாள். தொலைக்காட்சியை நிறுத்தி, எதிரே வந்து அமர்ந்து, விளங்காததை வேறு சொல்லால் கூறத் தொடங்கினாள். கருவி மீண்டும் செவியேறியது. செவியின் திறன் கூடவில்லை. ஆனால் சிரிப்பின் காரணம் அவருக்கும் தெரிந்தது.

அதன்பின் ஒரு நினைவு அவரை வாட்டலாயிற்று. கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டே பாடம் சொல்வது அவர் வழக்கம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எதற்கும் விடை கூறாமல் விழிப்பான். கவனமற்றவன் என்று அவனைப் பலமுறை நிற்கவைத்தார். அவனுக்குக் கேட்டதா என ஒருநாளும் அவர் வினவியதில்லை.