வல்வெட்டித்துறை: பாய்க்கப்பல்கள் புறப்பட்ட கரை

கொக்குவிலுக்குக் கடல் இல்லை. செம்மண், ஆழக் கிணறு, புகையிலைத் தோட்டம், ஒருகாலத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்த சுருட்டுக் கொட்டில்கள், இவைதான் எங்கள் ஊர். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். நான் வடகிழக்காகப் போனேன். கோண்டாவில், இருபாலை, கோப்பாய் கடந்ததும் நீர்வேலியின் வாழைத்தோட்டங்கள். அச்சுவேலிக்கு அப்பால் பச்சை மெல்லக் குறைந்து பனையும் வெளியுமாக மாறுகிறது. தொண்டைமானாற்றுப் பாலத்தில் வலிகாமம் முடிந்து வடமராட்சி தொடங்குகிறது. வடமராட்சிக் களப்பு கடலோடு சேரும் வாய் அது. கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். அங்கிருந்து கடலோரமாகவே கிழக்கே போனால் வல்வெட்டித்துறை.

வல்வெட்டித்துறையில் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே அதிக இடமில்லை. கரை பெரும்பாலும் கல். கொஞ்சத் தூரத்தில் முருகைக்கல் பார் கரைக்குச் சமாந்தரமாக நீண்டு கிடக்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடுவதால் உட்புறம் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. படகுகள் வெளிக்கடலுக்குப் போக, பாரை வெட்டித் திறந்த வழிகள் உண்டு. நேர் எதிரே, சுமார் 60 கிலோமீட்டரில் கோடியக்கரை. சோளகமும் வாடையும் மாறிமாறி வீசும் இந்தக் கடலில், காற்றின் காலம் அறிந்தவனுக்குப் பாய் ஒன்றே போதுமாக இருந்தது.

நான் போன காலையில் படகுகள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. சாரத்தை மடித்துக் கட்டிய இளைஞர் இருவர் வலையைத் தூக்கி உதற, சூடை மீன் வெள்ளி வெள்ளியாய் விழுந்தது. பாரையும் விளைமீனும் தனியாகப் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போயின. பக்கத்தில் பெரியவர் ஒருவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். இடது கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கண் கடலில் இருந்தது. விரல்கள் தாமாக முடிச்சுப் போட்டன.

“உங்கட ஆக்கள் முந்தி எங்கெல்லாம் போனவை, ஐயா?” என்று கேட்டேன்.

“ரங்கூனுக்குப் போனவை தம்பி. அரிசி ஏத்திக்கொண்டு வருவினம். என்ர அப்பு சொல்லுவார், உந்தக் கடல்தான் எங்களுக்கு றோட்டு எண்டு.”

அது வெறும் பெருமைப் பேச்சல்ல. பர்மாவுக்கும் இந்தியக் கிழக்குக் கரைக்கும் இவ்வூர்ப் பாய்க்கப்பல்கள் வணிகத்துக்குப் போய்வந்தன. கப்பலைக் கட்டியவர்கள் இவ்வூர் மேத்திரிமார். ஓட்டியவர்கள் இவ்வூர்த் தண்டையல்மார். கப்பலில் வந்த செல்வம் கோயிலாகவும் நின்றது. இங்குள்ள வைத்தீஸ்வரன் கோயிலை எழுப்பியவர் கப்பல் வணிகரான திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை.

இவர்களின் தொழில்திறனுக்குச் சான்று ‘அன்னபூரணி’. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, 89 அடி நீளமான இருபாய்மரக் கப்பல் அது. சிறுபடகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் அல்பர்ட் றொபின்சன் அதைக் கண்டு விரும்பி வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊர்க் கடலோடிகளும் சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்து, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். குளொஸ்ரரும் மீன்பிடி ஊர்தான்.

உலகப்போரும் நீராவிக் கப்பலும் இந்த வணிகத்தை அடித்தன. 1948க்குப் பின் கடவுச்சீட்டும் சுங்கமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் மிச்சத்தை முடித்தன. நேற்றுவரை வணிகமாக இருந்த போக்குவரத்து, சட்டத்தின் கண்ணில் கடத்தல் ஆயிற்று. பிறகு போர். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையினர் இங்கே 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். கடலுக்குப் போவதற்கே பல ஆண்டுகள் தடை. போர் ஓய்ந்த பின்னும் இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்த பிறகும் தமிழகப் படகுகளின் வருகை நிற்கவில்லை. இரு கரையிலும் தமிழ் மீனவரே இருப்பதால் இந்தப் பிணக்கு நெஞ்சை அறுக்கிறது. ஆனால் கடலடியை வாரி அள்ளும் தொழில் முறைக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

இன்று வெளியூரார் இங்கே வருவது பிரபாகரன் பிறந்த ஊர் என்றோ, தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்கவோதான். வாருங்கள், ஆனால் கப்பல் கட்டிய கரை இது என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். வல்வெட்டித்துறை மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கப்பல் கணக்குக் கொப்பிகள், பழைய படங்கள், மேத்திரிமாரின் தச்சுக் கருவிகள் எதையும் எறிந்துவிடாதீர்கள். நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்தில் பதியக் கொடுங்கள். தண்டையல்மாரின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.