மூன்று உளூக்களும் ஓர் அமானிதமும்

தலைப்பிரசவத்திற்காகத் தாம்பரத்திலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்த மகளுக்கு அப்போது 33 வாரம். ஓர் இரவு இஷாவுக்குப் பின் சிறுகச் சிறுக நீர் கசிந்தது. சிறுநீர் என்றெண்ணி உளூவைப் புதுப்பித்துக்கொண்டாள். தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோதும், ஃபஜ்ரிலும் அவ்வாறே. வெட்கத்தால் எங்களிடம் சொல்லவில்லை. தொழுகைப் பாய் நனைந்திருப்பதைக் கண்ட பின்னரே குரோம்பேட்டைக்கு விரைந்தோம்.

"பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரமாயிற்று?" என்பதே மருத்துவரின் முதல் வினா. 37 வாரத்திற்கு முன் உடைந்தால், நேரம் செல்லச் செல்லக் கிருமித்தொற்றின் அபாயம் கூடும். மகளால் மணி சொல்ல இயலவில்லை. உளூச் செய்த வேளைகளைச் சொன்னாள். அதைக் கொண்டே கணக்கிட்டு, குழந்தையின் நுரையீரல் வலுப்பெற ஊசி போட்டார்கள். சில நாள்களில் பேரன் பிறந்தான். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் நலம்.

பின்னர், இவ்விவரங்களைப் பெயர் குறிக்காமல் ஆய்வுப் பதிவேட்டில் சேர்க்க ஒப்புதல் கேட்டார்கள். பெண்ணின் அந்தரங்கத்தை ஏட்டில் ஏற்றுவதா என நாங்கள் தயங்கினோம். பனிக்குடம் ஏன் முன்கூட்டியே உடைகிறது என்பது பலரிடத்தில் புலப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான தாய்மாரின் விவரங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் காரணம் தெளியும் என விளக்கினார்கள்.

குறைப்பிரசவத்தை ஆராயும் 'கர்பினி' ஆய்வு, 2015 முதல் ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டியது. அவற்றைக் கொண்டு, நம் நாட்டுத் தாய்மாருக்கேற்பக் கருவின் வயதைக் கணிக்கும் முறையொன்றை 2024இல் சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். 33 வாரமா, 35 வாரமா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும் அல்லவா? நம் மாநிலத்தின் பிக்மி எண்ணையும் பிறப்புச் சான்றிதழுக்கான சடங்கென எண்ணாமல், மாதவிடாய்த் தேதியைச் சரியாகச் சொல்லிப் பதிவோமாக.

கடனைக்கூட எழுதி வைக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. பெயர் மறைத்துக் காக்கப்படும் விவரம் ஓர் அமானிதமே.

"என்னைப்போல் இன்னொருத்தி வெட்கப்பட்டுக் காத்திருக்கக் கூடாது, உம்மா" என்று கூறி மகளே கையொப்பமிட்டாள்.

சகோதரிகளே, நீர் கசிந்தால் மணியைப் பாருங்கள். வீட்டாரிடம் சொல்லி உடனே மருத்துவமனை செல்லுங்கள். தொழுகையின் சட்டத்தை ஆலிமிடம் பின்னர் கேட்டுக்கொள்ளலாம்.