பரணில் ஒரு கூடு

செய்த தப்பை வெளியே சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்பார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன், சகோதரிகளே.

போன மார்கழியில், பொங்கலுக்கு முன்னால் பரணை ஒழித்தேன். மூலையில் பழைய மெத்தைப் பஞ்சும் தேங்காய் நாரும் உருண்டையாகக் கிடந்தன. "இந்த அணிலோட பெரிய தொல்லை" என்று திட்டிக்கொண்டே முறத்தில் வாரிக் கொல்லையில் கொட்டிவிட்டேன். உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள் இருந்ததை ஆறாவது படிக்கும் என் மகள்தான் பார்த்தாள். நான் ஓடிப் போவதற்குள் காக்கை முந்திக்கொண்டது. அன்று முழுவதும் தாய் அணில் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்தியது. அதற்குப் பிறகு மகள் என்னோடு முன்போல் பேசவில்லை. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான்.

முழுப் பரீட்சை லீவில் என் கணவர் எங்களை டாப்சிலிப்புக்கு அழைத்துப் போனார். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலை ஏற வேண்டும். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை விடுதியில் இரண்டு இரவு தங்கினோம்.

காலையில் விடுதி முற்றத்தில் முதலில் வந்தது நம் ஊர் அணில்தான். ராமர் தடவியதாகப் பாட்டி சொல்வாளே, அதே மூன்று கோடு. மகள் பிஸ்கட்டை நீட்டினாள். வழிகாட்டியாக வந்த மலசர் இனத்துப் பெரியவர் தடுத்தார். "வேண்டாம் பாப்பா. நம்ம தீனி பழகினா அது காட்டுத் தீனி தேடாது. கையையும் கடிச்சிரும்."

பிறகு மேலேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால், வாலோடு சேர்த்து மூன்றடி இருக்கும் மலையணில்! முதுகு செம்பழுப்பும் கறுப்புமாக, வயிறு பாலாடை நிறத்தில். பின்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, முன்கைகளில் காயைப் பிடித்துக் கொறித்தது. முதுகில் கோடே இல்லை. "ராமர் இதைத் தடவலையாம்மா?" என்றாள் மகள். பல மாதம் கழித்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்தது.

"இது தரைக்கு அபூர்வமாத்தான் வரும்மா. கொப்புக்குக் கொப்பு இருபதடி தாவும்" என்றார் பெரியவர். உச்சிக் கிளையில் குச்சியும் இலையும் பின்னிய பந்து ஒன்றைக் காட்டினார். அதுதான் அதன் கூடு. "ஒண்ணோட நிக்காது. நாலஞ்சு கட்டி வைக்கும். ஒண்ணுல தூங்கும், ஒண்ணுல குட்டி போடும்."

மகள் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தோளைத் தொட்டு, "நம்ம வீட்டுக் கூட்டைப் பார்க்காமக் கொட்டிட்டேன்டி. தப்புதான்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, நிலா வெளிச்சத்தில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கைக்குட்டை விரித்தாற்போல் ஏதோ மிதந்து போனது. பறக்கும் அணில்! அதற்குச் சிறகு கிடையாது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்துச் சறுக்குகிறது. பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கி இரவில்தான் வெளியே வரும் என்று மறுநாள் பெரியவர் சொன்னார்.

ஊர் திரும்பியபின், ஆடியில் மறுபடி பரணில் பஞ்சு உருண்டை. இம்முறை தொடவில்லை. மெத்தையை மட்டும் கீழே இறக்கி வைத்தேன். உங்கள் வீட்டிலும் கூடு இருந்தால் சுமார் பத்து வாரம் பொறுங்கள். குட்டிகள் வெளியேறி ஓடுகிறதைப் பார்த்து, கூடு காலிதானா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு துவாரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். குழந்தைகளைக் கூட்டில் கைவிட விடாதீர்கள். எந்த விலங்கு கடித்தாலும் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

காலண்டரில் நாள் குறித்தவள் மகள். புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் பரணை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, எல்லாம் போயிடுச்சு. நீ இப்ப வலை அடிக்கலாம்."