கேட்கிற இருதயம்

சமூகவியல் படித்து முடித்து, சமூகப் பணியாளராகக் கஹவத்தைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றுக்கு நான் போன புதிது. படித்தவள் என்பதால் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைத்திருந்த காலம் அது.

அந்தத் தோட்டத்து லயத்தில் ஒரு அக்கா இருந்தார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது, கைக்குழந்தையாயிருந்த அவரைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வவுனியாவுக்குப் போனார்கள். அவர் அங்கே வளர்ந்து, மணமுடித்து, கிளிநொச்சியில் குடியிருந்தார். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரைத் தவறவிட்டார். பிறகு இரண்டு பிள்ளைகளுடன், தோட்டத்திலேயே தங்கிவிட்ட சித்தியின் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்.

கணவரின் பெயரில் வங்கியில் சிறிது பணமும் கிளிநொச்சியில் ஒரு துண்டுக் காணியும் இருந்தன. மூத்த மகளுக்கு உயர்தர வகுப்புச் செலவு. "மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்க அக்கா, எல்லாம் சுலபமாகிவிடும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை நான் போனபோது கதவையும் திறக்கவில்லை.

"ஆண்டவரே, அந்த அக்காவுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று இரவுதோறும் ஜெபித்தேன். இதை எங்கள் சபையில் ஒரு பாட்டியிடம் சொன்னேன். நாற்பது வருடம் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சிரித்துவிட்டு, "ஏம்மா, புத்தி அவளுக்கா வேணும், ஒங்களுக்கா? அவ மனசுல என்ன இருக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அன்றிரவு 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். சாலொமோன் ஞானம் கேட்ட இடம் அது. எபிரெய மூலத்தில் அவன் கேட்பது 'கேட்கிற இருதயம்' என்று பிற்பாடு அறிந்தேன். அந்த ஜெபத்துக்குப் பிறகு அவன்முன் வருகிறவர்கள் ஒரு பிள்ளைக்காக வழக்காடும் இரண்டு பெண்கள். அவன் முதலில் இருவர் சொல்வதையும் கேட்கிறான். ஞானம் குறைந்தவர் தேவனிடம் கேட்கட்டும் என்று எழுதிய யாக்கோபும், அதைச் சோதனைகளைப் பற்றிப் பேசிய கையோடுதான் எழுதுகிறார்.

ஜெபத்தை மாற்றினேன். "எனக்குத் தெரியவில்லை ஆண்டவரே, கேட்கக் கற்றுத்தாரும்."

மறுபடியும் போனேன். சான்றிதழ் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "நான் கையெழுத்து வச்சா, நானே அவரைச் சாகடிச்ச மாதிரி, மிஸ்."

அதன் பிறகுதான் வேறு வழி உண்டா என்று விசாரிக்கப் போனேன். ஒரு சட்டத்தரணி விளக்கினார். 2016இல் மரணப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்க வழி தேடலாம். கணவரைத் தேடும் உரிமையும் போய்விடாது. 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் முறைப்பாடு செய்யலாம். இது தெரியாமலே நான் ஆலோசனை சொல்லியிருக்கிறேன்!

அக்கா பல நாள் யோசித்தார். பிள்ளைகளிடமும் கேட்டார். கடைசியில் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். பலமுறை அலைந்தோம். சான்றிதழ் கிடைத்தது. காணி விடயம் இன்னும் முடியவில்லை. கணவர் வரவில்லை. ஆனால் அக்கா தாமே முடிவெடுத்தார், இப்போது கதவும் திறந்திருக்கிறது.

அன்புச் சகோதரிகளே, ஞானத்துக்காக ஜெபிக்கும்போது நான் இப்போது மூன்று காரியம் செய்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொள்கிறேன். சற்று நேரம் பேசாமல் இருக்கிறேன். பிறகு எழுந்துபோய், தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறேன். அவசரப்படுத்தி யாராவது உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், அது என்னைப் போன்ற ஒரு மிஸ்ஸாக இருந்தாலும், "ஜெபித்துவிட்டு, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.