உஸ்தாதின் குரல் இருந்த பென்டிரைவ்



நமக்குத் தஜ்வீத் கற்பித்த உஸ்தாத் அவர்கள் வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய பாடங்களைக் கைபேசியில் பதிவு செய்து ஒரு பென்டிரைவில் சேர்த்து வைத்திருந்தோம். மொத்தம் 41 பதிவுகள். வேறு பிரதி எடுக்கவில்லை. அது நம் அலட்சியமே. சென்ற மாதம் அவர்களின் மகளார், தம் பிள்ளைகள் பாட்டனாரின் குரலைக் கேட்டதே இல்லை என்று கூறி அப்பதிவுகளைக் கேட்டிருந்தார்.

மஃரிபுக்குப் பின் பென்டிரைவை மடிக்கணினியில் செருகினோம். கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. முதற்பதிவைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்த ஓசை எழுந்தது. மீண்டும் இணைந்தது, மீண்டும் அறுந்தது. நான்காம் முறை, ‘பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்னும் அறிவிப்பு திரையில் தோன்றியது. அருகிலிருந்த இளம் உதவி ஆசிரியர், “ஹழ்ரத், சரி என்று கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டவாறே சுட்டியை நகர்த்திவிட்டார். அவர் கையைப் பற்றி நிறுத்தினோம். ஃபார்மட் செய்தால் பென்டிரைவ் மிஞ்சலாம்; உஸ்தாதின் குரல் மிஞ்சாது. பிழை திருத்தும் ‘செக்டிஸ்க்’ கட்டளையையும் நாம் தொடவில்லை. திருத்துவதற்காக அது பென்டிரைவில் எழுதும். நலிந்த சாதனத்தில் நகலெடுக்குமுன் எதையும் எழுதலாகாது.

முதலில் கணினியின் மீதே ஐயம் கொண்டோம். மின்சாரத்தைச் சேமிக்க யு.எஸ்.பி. சாதனங்களை உறங்க வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. டிவைஸ் மேனேஜரில் ‘யு.எஸ்.பி. ரூட் ஹப்’ என்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியிலிருந்த அனுமதிக் குறியை நீக்கினோம். பலனில்லை. பிறகுதான் சிந்தித்தோம்: அவ்வசதி சும்மா இருக்கும் சாதனத்தையே உறங்க வைக்கும். நம்முடையதோ நகலெடுத்துக் கொண்டிருக்கும்போதே அறுந்தது. உதவி ஆசிரியர் தம் பென்டிரைவை அதே துளையில் செருகினார்; இஷா வரை அசையாமல் நின்றது. நம்முடையதை அலுவலகக் கணினியில் செருகினால் அங்கும் அதே கதை. ஆக, குற்றம் கணினியில் இல்லை.

பென்டிரைவை விளக்கொளியில் பார்த்தபோது அதன் உலோக முனை சற்றே சாய்ந்திருந்தது. செருகியபடியே மடிக்கணினியைப் பைக்குள் திணித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அம்முனையில் நான்கு தகடுகள் உள்ளன: ஓரத்து இரண்டும் மின்சாரத்திற்கு, நடுவிலுள்ள இரண்டும் தகவலுக்கு. உள்ளே பற்றவைப்பு விட்டுப்போனால் ஒரு சிறு அசைவிலும் மின்சாரம் நின்றுவிடும். தகவல் அழிந்திராது, வழிதான் அடைபடும்.

சிறிய நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கினோம். பென்டிரைவின் பாரம் முனையில் விழாதபடி அதனை மேசைமீது கிடத்தி, அடியில் மடித்த காகிதம் வைத்து, சாய்வு நேராகும் நிலையைத் தேடினோம். உதவி ஆசிரியர் மூச்சையும் அடக்கிக்கொண்டு பிடித்திருந்தார். அனைத்தையும் ஒன்றாக நகலெடுக்க முயலாமல், ஒவ்வொரு பதிவாக எடுத்து, எடுத்ததைத் திறந்து கேட்ட பின்னரே அடுத்ததற்குச் சென்றோம். பென்டிரைவ் சூடேறியபோது கழற்றி ஆறவிட்டோம். இவ்வாறு மூன்று இரவுகள் கழிந்தன.

நாற்பது பதிவுகள் வந்து சேர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். வராத ஒன்று ‘ழாத்’ எழுத்தின் பாடம். நாவின் ஓரம் மேற்கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தை உஸ்தாத் அவர்கள் பொறுமையாக விளக்கிய பாடம் அது. பாதியில் நகலெடுப்பு நின்றுவிடுகிறது. பல முறை முயன்றபின், மேலும் அசைத்தால் முனை முற்றிலும் ஒடிந்துவிடுமென அஞ்சி நிறுத்திவிட்டோம்.

நாற்பதையும் இரண்டு புதிய பென்டிரைவுகளில் பதிந்து, ஒன்றை மகளாரிடம் கொடுத்தோம். முதற்பதிவின் தொடக்கத்தில் உஸ்தாத் அவர்கள் இருமிவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். பாடம் தொடங்குமுன்பே நிறுத்தி, அந்த இடத்தையே அவர் பிள்ளைகளுக்கு மறுபடியும் போட்டுக் காட்டினார். பழைய பென்டிரைவைப் பஞ்சு வைத்த பெட்டியில் வைத்திருக்கிறோம். கைபேசிப் பலகைகளில் நுண்ணிய பற்றவைப்புச் செய்யும் ஒருவரிடம் அடுத்த வாரம் கொண்டு செல்லவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.