பாட்டியின் ஆறு இலக்கம்

பாட்டியின் மருந்துச் சீட்டுகளும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் பல ஆண்டுகளாக ஒரு மஞ்சள் துணிப்பையில் இருந்தன. தேக்காவிலுள்ள வீட்டிலிருந்து பலதுறை மருந்தகத்துக்குப் புறப்படும்போது அவர் பணப்பையை மறந்தாலும் அந்தப் பையை மறக்கமாட்டார். அவரைக் கேட்காமல் யாரும் அதைத் திறந்ததும் இல்லை.

இப்போது அந்த விவரங்களைத் திறன்பேசியிலேயே பார்க்கலாம். 2015-இல் அறிமுகமான ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் மூலம் நுழைந்தால் பரிசோதனை முடிவுகள் தெரியும். முன்பதிவு நாளையும் மாற்றலாம். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் தொடங்கியபோது, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முதலில் அழைப்பு வந்தது. பாட்டியோ அந்தக் குறுஞ்செய்தியை மோசடி என்று நினைத்து அழிக்கப் போனார். வானொலியில் அத்தனை எச்சரிக்கைகளைக் கேட்டவர் ஆயிற்றே! நான்தான் அவர் விரும்பிய குடும்ப மருத்துவரைச் செயலியில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அன்றுமுதல் அவருடைய மருத்துவ வேலைகள் எல்லாம் என் பொறுப்பாயின.

ஒருநாள் பரிசோதனை முடிவு வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. திறன்பேசியை எடுக்கப் போன என் கையைப் பாட்டி பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, என் சர்க்கரை அளவை முதல்ல நான் பார்க்கணும். யாருக்கு எப்போ சொல்றதுன்னு நான் முடிவு பண்றேன்.”

எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. உதவி செய்பவனிடமே இப்படிச் சொல்வதா? ஆனால், அவர் பக்கம் நியாயம் இருந்தது. 2018-இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்களைத் திருடினார்கள். ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் களவுபோயின. அவர்களுள் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். அந்நியர் திருடுவதும் பேரன் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆயினும், தன் உடம்பைப் பற்றிய செய்தி தன்னைக் கேட்காமல் பிறர் கைக்குப் போவதைப் பாட்டி விரும்பவில்லை.

அதனால் அவரே கற்றுக்கொள்ளப் புறப்பட்டார். மூத்தோருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் மின்னிலக்கத் தூதர்கள் 2020 முதல் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டி மூன்று முறை சென்றார். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த அவருடைய விரல்ரேகையைத் திறன்பேசி ஏற்கவில்லை. ஆகவே, சிங்பாஸின் ஆறு இலக்க எண்ணை மனப்பாடம் செய்தார். அது என்ன எண் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பராமரிப்பாளருக்கு அனுமதி வழங்கும் வசதியும் ஹெல்த்ஹப்பில் உண்டு. சென்ற வாரம் அம்மா அந்த அனுமதியைக் கேட்டார்.

“பார்க்கலாம்,” என்றார் பாட்டி.